ஒரு கிலோ அரிசிக்கும் ஐந்து கிலோ அரிசிக்கும் நடுவில்

"கையில் நாலு காசு வந்தால் தங்காது, அதனால்தான் அவர்கள் அப்படியே இருக்கிறார்கள்" என்று ஒரு பேச்சு. "பணக்காரன் எண்ணி எண்ணித்தான் செலவழிப்பான், அதனால்தான் பணக்காரன்" என்று இன்னொரு பேச்சு. சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்த இரண்டும் அடிக்கடி காதில் விழுகின்றன. இரண்டுமே செலவைக் குணத்தோடு முடிச்சுப் போடுகின்றன. ஆனால் ஒரு குடும்பத்தின் செலவை மாதக்கணக்கில் பிரித்துப் பார்த்தால், குணத்துக்கு முன்னால் வேறு ஒன்று தெரியும். பணம் எந்தத் தேதியில் வருகிறது, வந்ததில் எவ்வளவைத் தொட முடிகிறது, எதிர்பாராத செலவு வந்தால் எடுக்க எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அது. பொருளியல் படிக்காதவருக்கும் புரியும்படி அதைக் கீழே விளக்குகிறோம்.

அரிசியிலிருந்து தொடங்கலாம்

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 5 கிலோ அரிசிப் பை 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 1 கிலோ பை 3 வெள்ளி 80 காசு. மாதம் 10 கிலோ அரிசி சமைக்கும் வீட்டில், பெரிய பையாக வாங்கினால் 30 வெள்ளி ஆகும். சிறிய பையாக வாங்கினால் 38 வெள்ளி. மாதம் 8 வெள்ளி வித்தியாசம், ஆண்டுக்கு 96 வெள்ளி. அதே அரிசி, அதே கடை.

சிறிய பை வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அவருக்குத்தான் காசு கணக்கு நன்றாகத் தெரியும். 23ஆம் தேதி அவர் கையில் 20 வெள்ளி இருக்கிறது. சம்பளம் 28ஆம் தேதி. அதுவரை பால், ரொட்டி, பேருந்துக் கட்டணம் எல்லாவற்றையும் இதற்குள் முடிக்க வேண்டும். 15 வெள்ளியை அரிசிக்கே கொடுத்துவிட்டால் நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தகத்துக்குப் போக முடியாது. அந்த நாளில், அந்தப் பணத்தோடு, 1 கிலோ வாங்குவதுதான் சரியான முடிவு. விலை கூடுதல் என்பது அவருக்குத் தெரிந்தே நடக்கிறது.

அமெரிக்காவில் கழிவறைக் காகிதத்தை வைத்து இதையே ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. வருமானம் குறைந்த வீடுகள் பெரிய கட்டுகளை வாங்குவது குறைவு, தள்ளுபடி வரும்போது கூடுதலாக வாங்கி வைப்பதும் குறைவு என்று அது கண்டது. முக்கியமானது இதற்கு அடுத்து வருகிறது. மாதத் தொடக்கத்தில், கையில் பணம் இருக்கும் நாள்களில், அதே வீடுகள் வசதியானவர்களைப் போலவே வாங்கத் தொடங்கின. முதல் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையில் ஒருவருடைய குணம் மாறிவிடுவதில்லை. மாறியது கையிருப்பு.

கையிருப்பு என்ற சொல்லை இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே பொருளில் பயன்படுத்துவோம்: கடன் வாங்காமல், எதையும் விற்காமல், இன்றே எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம்.

குழாய், கிணறு, குடம்

குழப்பத்தில் பாதி, மூன்று வேறு பொருள்களை ஒரே "பணம்" என்ற சொல்லால் குறிப்பதால் வருகிறது. வருமானம் குழாய், ஒவ்வொரு மாதமும் வந்துகொண்டிருப்பது. சொத்து கிணறு, சேர்ந்து நிற்பது. கையிருப்பு அடுப்பங்கரையில் இருக்கும் குடம். தாகம் எடுத்தால் உடனே மொண்டு குடிக்கக்கூடியது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் குடம் காலியாக இருக்கலாம். குழாயில் வேகமாக வந்தும் கிணறு வறண்டு கிடக்கலாம்.

கிணற்றில் தண்ணீர் இருந்தும் குடம் காலியாக இருக்கும் நிலை சிங்கப்பூரில் மிக அதிகம். 55 வயதுக்கு உட்பட்ட ஊழியர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 2,800 வெள்ளி என்றால், அவர் பங்காக 20 விழுக்காடு, அதாவது 560 வெள்ளி, மத்திய சேமநிதி என்ற கட்டாயச் சேமிப்புக்குப் போகிறது. முதலாளி பங்காக 17 விழுக்காடு, 476 வெள்ளி சேர்கிறது. ஆக மாதம் 1,036 வெள்ளி அவர் பெயரில் ஏறுகிறது. கைக்கு வருவது 2,240. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணைக்கும், சேமநிதியின் மருத்துவக் கணக்கான மெடிசேவ் வழியாக மருத்துவத்துக்கும் அந்தப் பணம் உதவும். குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போனால் உதவாது. வீட்டின் சந்தை மதிப்பு பல லட்சம் வெள்ளியாக இருக்கலாம். அந்த வீட்டில் இருப்பவர் மின்கட்டணத்துக்கு யோசித்துக்கொண்டிருக்கலாம். அவரை "சொந்த வீடு இருக்கிறது, பிறகென்ன" என்று பேசுவது கிணற்றைக் காட்டிக் குடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதாகும்.

எதிர்ப்பக்கம் கார். இங்கே காரோட்ட வேண்டுமானால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அண்மை ஆண்டுகளில் சிறிய காருக்கே அது ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டிருக்கிறது. காரின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது வரிகளுக்கு முந்திய இறக்குமதி மதிப்பு, 20,000 வெள்ளிக்குள் இருந்தால் வாங்கும் விலையில் 70 விழுக்காடு வரையும், அதற்கு மேல் போனால் 60 விழுக்காடு வரையும் கடன் எடுக்கலாம். 7 ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். ஆகவே புது கார் நமக்குச் சொல்வது, அவருக்குத் தவணை கட்டும் அளவுக்கு வருமானம் இருக்கிறது என்பதை மட்டுமே. அவருடைய நிகரச் சொத்து, அதாவது உள்ள சொத்தெல்லாம் கூட்டி அதிலிருந்து கடனையெல்லாம் கழித்த மீதி, அந்தக் காரில் தெரியாது. கழித்தால் சுழியத்துக்குக் கீழேகூட நிற்கலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வருமானம், சொத்து, கையிருப்பு மூன்றும் வேறு. அன்றாடச் செலவு எப்படி நடக்கிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மூன்றாவது.

தொகையா, பங்கா?

"பணக்காரர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்", "ஏழைகள்தான் எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறார்கள்" என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். முதலாவது தொகையைப் பற்றியது, இரண்டாவது பங்கைப் பற்றியது. மாதம் 2,500 வெள்ளி வருமானமுள்ள குடும்பம் சாப்பாட்டுக்கு 800 வெள்ளி செலவழித்தால் அது 32 விழுக்காடு. 15,000 வெள்ளி வருமானமுள்ள குடும்பம் 2,400 வெள்ளிக்குச் சாப்பிட்டால், தொகை மூன்று மடங்கு, பங்கு 16 விழுக்காடுதான். வருமானம் கூடக்கூட உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே குடும்பக் கணக்குகளை வைத்துக் காட்டினார். இன்றுவரை நாட்டுக்கு நாடு அது நிற்கிறது.

புள்ளிவிவரத் துறையின் கணக்கெடுப்புப்படி சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றின் சராசரி மாதச் செலவு 2017/18இல் 4,906 வெள்ளி, 2023இல் 5,931 வெள்ளி. இப்படிப்பட்ட சராசரியைக் காட்டி "நான் அவ்வளவு செலவழிக்கவில்லையே" என்று பேசுவது பயனற்றது. மேலே சொன்ன இரண்டு குடும்பங்களுமே அதற்குள் இருக்கின்றன. 2024 முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். விழுக்காடு எல்லாருக்கும் ஒன்று. ஆனால் வருமானத்தில் பாதியைச் சேமிக்கிறவருக்கு அது பாதி வருமானத்தின் மீதுதான் விழுகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இந்த வரிக்கென்றே தனிப் பற்றுச்சீட்டுத் திட்டம் இருப்பதற்குக் காரணம் அது.

ஒரே குளிர்சாதனப் பெட்டிக்கு மூன்று விலை

செலவைப் பற்றிய பேச்சில் எப்போதும் விட்டுப்போவது இந்தப் பகுதி. பழைய பெட்டி நின்றுவிட்டது, புதியது 1,000 வெள்ளி. மூன்று குடும்பங்கள் வாங்குகின்றன.

முதல் குடும்பத்திடம் கையிருப்பு இருக்கிறது. கடன் அட்டையில் வாங்கி, மாத முடிவில் முழுவதையும் கட்டிவிடுகிறார்கள். அட்டை 1 விழுக்காடு திருப்பித் தந்தால் அவர்களுக்கு ஆன செலவு 990 வெள்ளி.

இரண்டாவது குடும்பத்திடம் பணம் இல்லை, நகை இருக்கிறது. அடகுக்கடையில் 1,000 வெள்ளிக்கு வைக்கிறார்கள். சட்டப்படி வட்டி மாதத்துக்கு 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 6 மாதத்தில் மீட்டால் அதிகபட்ச வட்டி 90 வெள்ளி. பெட்டியின் விலை 1,090.

மூன்றாவது குடும்பத்திடம் இரண்டும் இல்லை. பிணையில்லாக் கடன் அட்டை வாங்குவதற்குப் பொதுவாக ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி வேண்டும்; அதுவும் இல்லை. உரிமம் பெற்ற கடன் நிறுவனத்திடம் போகிறார்கள். அங்கே சட்டம் அனுமதிக்கும் உச்சம் மாதம் 4 விழுக்காடு வட்டி. அதோடு கடன் தொகையில் 10 விழுக்காடு வரை ஒருமுறைக் கட்டணம். 6 சமத் தவணை என்றால் தவணைக்கு ஏறக்குறைய 191 வெள்ளி, மொத்தம் 1,145. ஒருமுறைக் கட்டணம் 100 வெள்ளி. ஆக 1,245. அந்தக் கட்டணத்தைக் கடனிலிருந்தே கழித்துக்கொண்டால் கைக்கு 900தான் வரும். மீதி 100 வெள்ளிக்கு வேறெங்காவது கைநீட்ட வேண்டும். ஒரு தவணை தாமதமானால், தாமத மாதத்துக்கு 60 வெள்ளி வரை தண்டம், தாமதத் தொகைக்கு 4 விழுக்காடு வரை தாமத வட்டி. வட்டி, தண்டம், கட்டணம் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் ஒரு வரம்பு போட்டிருக்கிறது. அந்த வரம்புகூட இல்லாத இடம் உரிமமற்ற வட்டிக்காரர். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ "உடனடிக் கடன்" என்று வருகிறவரை நம்பவே கூடாது. உரிமம் பெற்றவர்கள் அப்படி ஆள் பிடிப்பதற்கு அனுமதி இல்லை.

990, 1,090, 1,245. மூன்று குடும்பங்களும் ஒரே மாதிரிச் சிக்கனமானவை, ஒரே பொருளை ஒரே கடையில் வாங்கியவை. கையிருப்பு குறையக் குறைய விலை ஏறுகிறது. கையிருப்பு உள்ளவர் கடன் அட்டைக் கட்டணத்தை ஒரு மாதம் மறந்துவிட்டாலும் தண்டத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுவார். இல்லாதவருக்கு அதே மறதி ஆண்டுக்கு 26, 28 விழுக்காடு வட்டியாக வளர்கிறது. தவறு ஒன்றுதான், அதற்கான அபராதம் வேறு.

நகை வாங்குவது ஆடம்பரமா?

"சோற்றுக்கு வழியில்லை, கழுத்தில் சங்கிலி" என்று நம் பெண்களைப் பற்றிச் சொல்லப்படுவதை மேலே உள்ள கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அவசரத்துக்கு அந்தச் சங்கிலி 1,245ஐ 1,090 ஆக்குகிறது. வங்கியோ கடன் அட்டையோ கதவைத் திறக்காத குடும்பத்துக்கு, வருமானச் சான்று கேட்காத ஒரே பிணை அது. அதை அலங்காரம் என்று மட்டும் பார்ப்பது தவறு.

ஆனாலும் நகையைச் சேமிப்பாக வாங்குகிறவர்கள் இழக்கும் இடம் ஒன்று உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். சிராங்கூன் சாலையில் 916 சங்கிலி ஒன்றில் தங்கத்தின் மதிப்பு 2,000 வெள்ளி, செய்கூலி 200 வெள்ளி என்று வைத்தால், 9 விழுக்காடு வரி 198 சேர்ந்து 2,398 வெள்ளி கட்டுகிறீர்கள். அடகுக்கடை எடையையும் தூய்மையையும் மட்டும் பார்த்து, அந்த 2,000லும் ஒரு பகுதியைத்தான் கடனாகத் தரும். 398 வெள்ளி வாங்கிய அன்றே போய்விட்டது. போடுவதற்காக வாங்கினால் அது நியாயமான செலவு. சேமிப்புக்காகவே என்றால், குறைந்தது 99.5 விழுக்காடு தூய்மையும் மற்ற நிபந்தனைகளும் உள்ள முதலீட்டுத் தங்கக் கட்டிக்கும் நாணயத்துக்கும் பொருள் சேவை வரி 2012 அக்டோபரிலிருந்து இல்லை. அடகு வைத்தால் 6 மாதக் கெடுவைக் குறித்து வையுங்கள். அதற்குள் மீட்கவோ, வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ தவறினால் நகை கைவிட்டுப் போய்விடும்.

மனம் சுமக்கும் பாரம்

"சரி, ஆனால் அவர்கள் எடுக்கும் முடிவுகளும் தப்பாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்கலாம். இங்கே காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடுகிறோம்.

2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேர் பங்கெடுத்தார்கள். கரும்புக்கு ஆண்டுக்கொரு முறைதான் பணம் வரும். வெட்டுக்கு முன்னால் முடை, பின்னால் வசதி. அதே ஆளை, வெட்டுக்கு முன்னும் பின்னும், யோசனைத் திறனைச் சோதிக்கும் புதிர்களைச் செய்யச் சொன்னார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் இன்னும் நன்றாகச் செய்தார். ஆலைகள் ஊருக்கு ஊர் வெவ்வேறு மாதத்தில் வெட்டுக்கு ஆணை கொடுப்பதால், இது பருவநிலையின் வேலையல்ல என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அவருக்குப் படிப்போ குணமோ கூடிவிடவில்லை. எந்தக் கடனை முதலில் சமாளிப்பது என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கணக்கு மனத்திலிருந்து இறங்கியது, அவ்வளவுதான்.

2019இல் வந்த இன்னோர் ஆய்வு சிங்கப்பூரிலேயே நடந்தது. நீண்டநாள் கடனில் இருந்த, வருமானம் குறைந்த 196 பேருக்கு ஓர் அறநிறுவனம் 5,000 வெள்ளி வரை கடனை அடைத்தது. அடைப்பதற்கு முன்பும் மூன்று மாதம் கழித்தும் அவர்களைச் சோதித்தார்கள். கவனம் கூடியிருந்தது, பதற்றம் குறைந்திருந்தது, இன்றைக்குக் கிடைக்கும் சிறுதொகையைவிட நாளைக்குக் கிடைக்கும் பெருந்தொகைக்குக் காத்திருக்கும் பொறுமையும் கூடியிருந்தது. அதில் எதிர்பாராதது: அடைபட்ட தொகையைவிட அடைபட்ட கணக்குகளின் எண்ணிக்கைதான் முக்கியமாக இருந்தது. வீட்டுக் கட்டணப் பாக்கி, தொலைபேசிப் பாக்கி, நகர மன்றப் பாக்கி என்று ஒவ்வொன்றும் மனத்தில் தனித்தனியாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று எடுக்கலாம். போனஸோ உதவியோ கையில் வந்தால், வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைப்பதுதான் கணக்குப்படி லாபம். ஆனால் ஆறேழு சின்னப் பாக்கிகள் சுற்றிக்கொண்டிருந்தால், வட்டி கடுமையாக இல்லாத பட்சத்தில், அவற்றில் இரண்டு மூன்றை முற்றிலும் மூடிவிடுவது நல்லது. மூடிய கணக்குக்கு மறுபடி நினைவூட்டல் கடிதம் வராது.

சுருக்கமாக: முடை முதலில் வருகிறது, தடுமாற்றம் அதைத் தொடர்கிறது. முடை குறைந்தால் முடிவுகள் மேம்படுகின்றன.

வசதியானவர்களைப் பற்றிய தப்புக் கணக்கு

"அந்த முதலாளி இன்னும் காப்பிக்கடையில்தான் தேநீர் குடிக்கிறார்" என்று சொல்வார்கள். உண்மையாக இருக்கலாம். அதனால் அவர் செல்வந்தர் ஆனார் என்பதற்குக் கணக்கு இடம் தராது. தினம் 1 வெள்ளி 50 காசுத் தேநீரை விட்டுவிட்டால் ஆண்டுக்கு 547 வெள்ளி 50 காசு. ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியோடு 30 ஆண்டு சேர்த்தாலும் ஏறக்குறைய 24,000 வெள்ளி. நல்ல தொகைதான், ஒரு வீட்டின் முன்பணத்துக்கு உதவும். ஆனால் பெருஞ்செல்வம் தொழிலிலும் பங்கிலும் நிலத்திலும் பரம்பரையிலும் வளர்கிறது. சிக்கனம் அதைக் காப்பாற்றலாம், உண்டாக்குவது அரிது.

அவர்கள் செலவழிப்பதே இல்லை என்பதும் சரியல்ல. அவர்கள் செலவின் பெரும்பகுதி வெளியே தெரியாத வகை: காப்புறுதி, பிள்ளைகளின் துணைப்பாடம், வழக்கறிஞர், வீட்டுப் பணிப்பெண், ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையில் கட்டிப் பெறும் கழிவு. இவை நேரத்தை மிச்சப்படுத்தும், அல்லது பின்னால் வரக்கூடிய பெரிய இழப்பைத் தடுக்கும். இதற்கு மாறாக, வருமானம் குறைந்தவரின் கைத்தொலைபேசி எல்லார் கண்ணிலும் படும். அதில் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் இருக்கிறது, பணம் அனுப்பும் பேநவ் இருக்கிறது, பகுதிநேர வேலைக்கான அழைப்பு வருகிறது, தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கு ஊரில் இருக்கும் குழந்தையின் முகம் தெரிகிறது. மற்றவர்களுக்குக் கணினி, வங்கி, அலுவலகம் என்று பிரிந்திருப்பது இவருக்கு ஒரே கருவியில். அதன் விலையை மட்டும் பார்த்துப் பேசுவது நியாயமில்லை.

நான்கு இலக்க எண்ணில் பணம் கட்டும் லாட்டரியான நாலு நம்பரைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். 'பெரிய' பந்தயத்தில் 1 வெள்ளி போட்டால், 10,000 எண்களுக்கும் பரிசுகளைப் பரப்பிக் கணக்கிட்டால் சராசரியாகத் திரும்புவது 65.9 காசு, 'சிறிய' பந்தயத்தில் 58 காசு. எந்த வருமானக்காரருக்கும் இது நட்டம். குடம் சிறியவருக்குக் கூடுதலாக வலிக்கும். ஆனால் "பணம் கொடுத்தால் குடிக்கும் சூதுக்கும்தான் போகும்" என்ற பொது நம்பிக்கையின் முதல் பாதியை ஆய்வுகள் தாங்கிப் பிடிக்கவில்லை. பல நாடுகளில் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கமாக உதவி கொடுத்ததைப் பற்றிய 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்கள், மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதற்கு ஆதாரம் காணவில்லை.

குடத்தை எங்கிருந்து நிரப்புவது

வருமானத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை; குறைந்த சம்பளத்துக்குச் சம்பளம்தான் மருந்து. கையில் இருக்கும் வருமானத்துக்குள் செய்யக்கூடியது தேதிகளைச் சரிசெய்வது. ஒரு தாளில் பணம் வரும் தேதிகளை ஒரு பக்கமும், கட்டணம் போகும் தேதிகளை மறுபக்கமும் எழுதுங்கள். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் விழும் கட்டணம் எது என்று தெரியும். பல நிறுவனங்கள் கேட்டால் கெடு தேதியை மாற்றித் தரும். பாக்கி ஏறிய பிறகு பேசுவதைவிட, ஏறுவதற்கு முன்பு கூப்பிட்டுத் தவணை கேட்பது எளிது. பல இடத்துக் கடனாகிவிட்டால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் வங்கிகளோடு பேசித் திருப்பிச் செலுத்தும் திட்டம் போட உதவுகிறது. வீட்டுச் செலவுக்கே முடை என்றால் வட்டாரச் சமூக சேவை அலுவலகம்.

நம் வீடுகளுக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது. அக்டோபர் அல்லது நவம்பரில் தீபாவளி, ஆண்டிறுதியில் பள்ளிப் புத்தகமும் சீருடையும், டிசம்பர் விடுமுறையில் ஏறிவிடும் ஊர் விமானக் கட்டணம், ஜனவரியில் பொங்கல். மூன்றே மாதத்தில் நான்கு செலவு. இவை எதிர்பாராதவை அல்ல, தேதி தெரிந்தவை. மொத்தம் 1,200 வெள்ளி ஆகும் வீடு, பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை ஒன்பது மாதம் மாதத்துக்கு 134 வெள்ளியைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றினால், அந்த மூன்று மாதமும் கடனில்லாமல் போகும். 134 முடியாத வீட்டில், பள்ளிச் செலவை முதலில் பட்டியலிலிருந்து எடுக்கப் பாருங்கள்: கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்குத் தகுதி பெற்றால் புத்தகமும் சீருடையும் இலவசம். விண்ணப்பப் படிவம் பள்ளி அலுவலகத்திலேயே கிடைக்கும்.